மாதாவிடம் சொல்ல வேண்டாமென்றவர்

"ஜெபம் பண்ணுங்க மச்சான், வேண்டாங்கல. மாதாகிட்ட மட்டும் சொல்லிராதீய."

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் மூவர் அமர்ந்திருந்தனர். இவ்வாறு கூறியவர் பெந்தெகொஸ்தே சபையினர். மருத்துவமனையிலிருக்கும் அவர் மனைவிக்கு மறுநாள் வயிற்றில் அறுவைச் சிகிச்சை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அம்மனைவியின் தமையனார், கத்தோலிக்கர். மூன்றாமவர் அவ்விருவருக்கும் நண்பரான இஸ்லாமியர்.

"மாப்ளே, நீங்க எங்கிட்ட ஜெபம் கேக்கீய. நான் மாதாகிட்ட கேக்கேன். இதுல என்ன குத்தம்?"

"நீங்க உசுரோட இருக்கீய மச்சான்."

"மாதா மட்டும் எங்க போனாக? பரலோகத்துல உசுரோடதான் இருக்காக! பாய், நீங்க சொல்லுங்க."

நண்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மரியம் அம்மா பேர்ல எங்க குர்ஆன்ல ஒரு அத்தியாயமே இருக்கு. ஆனா நாங்க கேக்குறது அல்லாகிட்ட மட்டுந்தான்."

"பாயே எம்பக்கம்!" என்று கணவர் தொடையில் தட்டினார்.

"பாய் ஓட்டு ரெண்டு பக்கமும்லா விழுந்திருக்கு!" என்றார் தமையனார். மூவரும் நகைத்தனர்.

பின்னர்க் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்க தங்கச்சி ஓட்டு ஒங்களுக்குத்தான் மச்சான். தலகாணிக்கு அடியில மாதா ஜெபமாலைய ஒளிச்சு வச்சிருக்கா. காலையில அது கீழ விழுந்து கெடந்துச்சு. அவ முழிக்குமுன்ன நாந்தான் எடுத்து பழையபடி அடியில வச்சேன்."