நாவூறு படாத பிள்ளை

சேந்தன்: நில்லு பிள்ளை, நில்லு… உன்ரை கணக்கு வாத்தியார் மெசியு கடைசியிலை ஏன் என்ரை கையை அப்பிடிப் பிடிச்சவர்? செத்த வீட்டிலை பிடிக்கிற மாதிரி…

தாட்சாயினி: ஒண்டுமில்லை அப்பா. நடவுங்கோ, மழை வரப்போகுது.

சேந்தன்: மேல் குறூப்பிலை போட்டாச்சுத்தானே?

தாட்சாயினி: இல்லை.

சேந்தன்: என்ன இல்லை?

தாட்சாயினி: பழைய குறூப்பிலையே இருக்கட்டாம். மெல்லமாப் படிப்பிக்கிற குறூப். கோடை லீவு வரையும் இனி மாத்தமாட்டினமாம்.

சேந்தன்: விசரோ அந்த மனுசனுக்கு! அதுக்குள்ளை விழுந்த பிள்ளையள் பிறகு எழும்பிறேல்லை எண்டு லா சப்பல் தமிழ்ச் சனம் முழுக்கக் கதைக்குது. சோதினையிலை நீதானே கூடப் புள்ளி? அதுக்குத்தானே என்னை வரச் சொன்னவர்!

தாட்சாயினி: ஓம். ஒரு இடம்தானாம். எனக்கோ, என்ரை வகுப்பு அந்துவானுக்கோ எண்டு யோசிச்சவராம். வீட்டிலை நான் எப்பிடி எண்டு உங்களைக் கேட்டவர்…

சேந்தன்: கேட்டவர். நானும் வடிவாத்தானே பதில் சொன்னன்.

தாட்சாயினி: "இதுக்கோ கணக்கு? களிமண் மண்டை மெசியு! சோதினையிலை ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். கெட்டிக்காரரோடை விட்டால் மூச்சுத் திணறிப்போகும்." அப்பிடித்தான் சொன்னனீங்கள்.

சேந்தன்: அது… அது ஒரு பேச்சுக்கெல்லோ! சிரிச்சுக்கொண்டுதானே சொன்னன்! பெத்தவன் தன்ரை வாயாலை "ஓம், என்ரை பிள்ளை கெட்டிக்காரி" எண்டு சொல்லுறதோ? நாவூறு பட்டிடாதோ? கொம்மா இராத்திரியும் மிளகாய் சுத்திப் போட்டு, புகை அலாரம் அடிச்சு, மேல்வீட்டுக்காரன் ஓடி வந்தவன்… நீ அதைப் பிரெஞ்சிலை என்னெண்டு சொன்னனீ?

தாட்சாயினி: நீங்கள் சொன்னதைத்தான்.

சேந்தன்: களிமண்ணையுமோ?

தாட்சாயினி: களிமண்ணையும்.

சேந்தன்: ஐயோ… என்ரை பிரெஞ்சு, கோப்பை கழுவிற குசினிப் பிரெஞ்சு. "வீ ஷெஃப்", ஓம் ஐயா, எண்டதோடை முடிஞ்சுது. அந்தாள் தலையாட்டேக்கை நல்ல செய்தி எண்டு நானும் ஆட்டினன். இரவல் கோட்டும் போட்டுக்கொண்டு போய், என்ரை பிள்ளையை நானே தலையாட்டிக் கீழை இறக்கிப்போட்டன்… வா, திரும்பிப் போவம்.

தாட்சாயினி: இடம் குடுத்தாச்சு அப்பா. அந்துவான்ரை அம்மா எங்களுக்குப் பிறகு உள்ளுக்குப் போனவ.

சேந்தன்: அவ தன்ரை பெடியனை என்ன சொல்லியிருப்பா?

தாட்சாயினி: கெட்டிக்காரன் எண்டு. வாசலிலையே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நிண்டவ.

சேந்தன்: வெக்கமில்லாமல்… ம்ம். கெட்டிக்காரிதான் அவ.

மகாலிங்கம்: ஆர், சேந்தனோ? சப்பாத்து மினுங்குது! ஏன் நனையிறியள்? கடைக்குள்ளை வாங்கோ, பிளேன்ரீ போடுறன்.

சேந்தன்: போடுங்கோ மகாலிங்கண்ணை. பள்ளிக்கூடத்தாலை வாறம்.

மகாலிங்கம்: ரூ பஜோல் தெருக் கோயிலிலை சனம் கதைச்சது. பிள்ளை கணக்கிலை நல்ல விண்ணியாம்?

சேந்தன்: சும்மா இருங்கோ அண்ணை! விண்ணியோ? இது சரியான மர மண்டை. மூண்டு மட்டன் ரோல்ஸை ரெண்டு பேருக்குப் பிரிக்கச் சொன்னால் முழிச்சுக்கொண்டு நிக்கும்!

மகாலிங்கம்: ஹா… அப்ப என்ரை வீட்டுக் கழுதையளோடை சேர்த்துக் கட்டுவம். இருங்கோ, தண்ணி கொதிக்குது…

சேந்தன்: பாத்தியே? அதே வாய். இன்னும் அந்தத் தெருவே தாண்டேல்லை. பழக்கம் பிள்ளை, தன்ரை பாட்டிலை வருகுது.

தாட்சாயினி: பரவாயில்லை அப்பா.

சேந்தன்: பகிடி விடாமல் ஒண்டு கேக்கிறன். டொக்குத்தரை நான் "மாட்டு வைத்தியன்" எண்டால், "அப்பா நன்றி சொல்லுறார்" எண்டனீ. வீட்டுச் சொந்தக்காரனைக் கிழி கிழி எண்டு கிழிச்சன். "தண்ணிக் குழாயை எப்ப திருத்துவீங்கள்" எண்டு மரியாதையாக் கேட்டனீ. இவ்வளவு காலமும் என்ரை வாயை நீதானே கழுவித் துடைச்சனீ? இண்டைக்கு மட்டும் ஏன் சொல்லுக்குச் சொல்லு சொன்னனீ? என்னிலை கோவமோ?

தாட்சாயினி: கோவமில்லை.

சேந்தன்: அந்துவான் பாவமெண்டு விட்டுக்குடுத்தனியோ?

தாட்சாயினி: இல்லை… மெசியு என்னையும் கேட்டவர் அப்பா. உங்களுக்கு அது விளங்கேல்லை. "நீ என்ன நினைக்கிறாய்" எண்டு.

சேந்தன்: நீ?

தாட்சாயினி: அப்பாவுக்குத்தான் என்னை நல்லாத் தெரியும் எண்டன்.

சேந்தன்: …கோயிலிலை, கடையிலை, கலியாண வீட்டிலை… எத்தினை பேருக்கு அப்பிடிச் சொல்லியிருப்பன்! ஒண்டையும் மனசாலை சொல்லேல்லையெல்லோ. அது உனக்குத் தெரியும்தானே? தாட்சா, இஞ்சை பார். சும்மா சொல்லுறன் எண்டு தெரியும்தானே? நேராச் சொல்லு.

தாட்சாயினி: நீங்கள் சொல்லுறது பிழையெண்டு தெரிஞ்சால்தான் அப்பா நான் மாத்திச் சொல்லுறனான்.