எரிமலை ஏன் பிடியை விட்டார்?

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, மல்யுத்தக் கொட்டகையின் உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எரிமலையின் துணைவியாரே, மகளே, அவரோடு கட்டிப் புரண்ட மல்லர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், நம்ம பி.டி. சார் கொட்டகையில சண்ட போடறாரே, அது டூப்புதானே? நெஜமா சண்ட வந்தா ஜெயிப்பாரா?" வகுப்பே சிரித்தது. கொட்டகையில் எரிமலை என்று பட்டப்பெயர் வாங்கிய அந்த பி.டி. சார் வெளியே மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்; அவர் காதில் அது விழுந்துவிட்டது. சுண்ணாம்புக் கையோடு ஜன்னலுக்கு வந்தார். "நெஜ சண்ட வந்தா ஓடிருவேன் பாப்பா. என் முட்டி ஒத்துக்கிட்டா!" என்றார்.

அது குழந்தையின் கேள்வி. அதில் தப்பே இல்லை. ஆனால் இன்று இந்த மண்டபத்து வாசலில், அவருடைய படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நரைத்த மீசைக்காரர் ஒருவர் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். "அப்ப அவருக்கு நெஜமாவே சண்ட தெரியாதுதானே சார்?" பதிலை மேடையில் சொல்கிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

டூப்பு, டூப்பு என்கிறீர்களே, எது டூப்பு? ஆசிரியராக இருந்தவன், உதாரணம் சொல்லாமல் என்னால் பேச முடியாது. நாடகத்தில் ராஜா செத்து விழுகிறார். வாள் அட்டை, கிரீடம் அட்டை. சரி. எரிமலை முதுகு அடிபட விழுந்தாரே, அந்தப் பலகையும் அட்டையா? யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசிவைத்திருப்பார்கள். உண்மை. ஆனால் விழுவதைப் பேசி வைக்க முடியுமா? பூமி யார் பேச்சையாவது கேட்குமா? கழுத்து எலும்பு தேய்ந்தது டூப்பா? காலையில் படுக்கையை விட்டு எழ அவருக்குச் சுவர் வேண்டியிருந்ததே, அது டூப்பா? "ஊருக்குத்தாண்ணே எரிமலை. பாட்டில் மூடிய நான்தான் திறந்து குடுக்கணும்," என்று என் தங்கை, அவருடைய துணைவியார், சிரித்துக்கொண்டே சொல்வார்.

நானும் அவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் நடத்திய வகுப்புகளில் எனக்குப் பிடித்தது, விழக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. ஆமாம், விழுவதற்கு! "தாடைய நெஞ்சோட ஒட்டு. உள்ளங்கையால தரைய அறை. மூச்ச விடு. தல மட்டும் தரையில படக்கூடாது." பிள்ளைகள் பாயில் பொத்துப் பொத்தென்று விழுவார்கள். எங்கள் அலுவலக எழுத்தர் அம்மா வேடிக்கை பார்க்க வந்தார். அவரையும் விடவில்லை. "மேடம், நீங்களும் ஒரு தடவ விழுங்க." "போங்க சார், இந்த வயசுல யாராவது வேணும்னு விழுவாங்களா!" கடைசியில் விழுந்தார். அடுத்த மழைக்காலத்தில் ஈரப் படிக்கட்டில் வழுக்கி, கையிலிருந்த கோப்புகள் எல்லாம் பறந்து, அந்த அம்மா தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழுந்தார். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். இதோ, இரண்டாம் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மனிதரை நாம் என்ன செய்தோம்?

கொட்டகையில் கூட்டம் குறைந்தது. வந்தவர்களும் கயிற்றருகே நின்று "டூப்பு! டூப்பு!" என்று கத்தினார்கள். உரிமையாளர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். பேசி வைக்காத சண்டை! எதிரே குத்துச்சண்டை கற்ற இளைஞர், 'சுத்தியல்' என்று பட்டப்பெயர். எரிமலை மறுத்தார். மறுத்தால் கொட்டகையை மூடிவிடுவேன் என்று பதில் வந்தது. அதை நம்பிப் பிழைக்கும் அத்தனை மல்லர்களும் தெருவில் நிற்க வேண்டும். வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு தடவ வாங்கிக்கிறேன். அப்பறம் வாய மூடிருவாங்க."

வாயை மூடினார்களா? நான் போயிருந்தேன். எரிமலை மேடை ஏறும் முன்பே ஊளை. அவர் மார்பில் ஒரு காகிதக் கோப்பை வந்து விழுந்தது. எல்லோர் கையிலும் கைபேசி. சில நிமிடங்களில் எரிமலை அந்த இளைஞரைக் குப்புறக் கிடத்தி, ஒரு கையை முதுகுப்பக்கம் மடக்கிப் பூட்டிவிட்டார். அசைய வழியில்லை. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது, யாருக்கும் புரியாத விதத்தில், எரிமலை பிடியை விட்டார். குனிந்தார். இளைஞர் துள்ளித் திரும்பி ஒரே குத்து. எல்லோருக்கும் விழக் கற்றுக்கொடுத்தவர், தாடையை ஒட்டாமல், கையை அறையாமல், மரம் போலப் பின்னால் சாய்ந்தார். தரையைத் தொடும் முன்பே நினைவு போய்விட்டிருந்தது. பின்தலை பலகையில் மோதியது. கூட்டம் விசில் அடித்தது. "பாத்தியா, ஒரே அடி!" அந்தக் காட்சிக்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் பரப்பினார்கள். அவர் மூச்சு அடங்கிய பிறகும் அது சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மகளுக்கே யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு நான் என்ன பெயர் வைப்பது? சொல்லுங்கள்!

மருத்துவமனை வராந்தாவில் அந்த இளைஞர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இப்போது கடைசி வரிசையில் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் என்னிடம், "சார், பூட்டு போட்டுட்டு என் கைய ஒரு அழுத்து அழுத்தினாரு. இன்னும் முறுக்கப் போறாருன்னு பயந்துட்டேன். ஆனா விட்டுட்டாரு. ஏன் சார் விட்டாரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த நாகத்துக்குத் தெரிந்தது. கொட்டகையில் எரிமலையின் பரம எதிரி நாகம். வெளியே உயிர் நண்பர். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ அண்ணே," என்றார். "அது கேள்வி சார். எங்க தொழில்ல பிடி போட்டதும் கைய ஒரு அழுத்து அழுத்துவோம். நல்லா இருக்கியாடான்னு அர்த்தம். அவன் திருப்பி அழுத்தினா நல்லா இருக்கான். அழுத்தலேன்னா அடிபட்டுருக்கான், உடனே விட்டுட்டு மூஞ்சப் பாக்கணும். ஆயுசு பூரா அண்ணன் அப்படித்தான் செஞ்சாரு."

குத்துச்சண்டை கற்ற தம்பிக்கு அந்தப் பாஷை தெரியாது; பதில் அழுத்து வரவில்லை. அதனால் விட்டார். முகத்தைப் பார்க்கக் குனிந்தார்.

வாசலில் கேள்வி கேட்ட பெரியவரே! உங்களுக்கு இதுதான் பதில். அவர் ஜெயித்திருந்தார். ஊரே பார்க்க ஜெயித்திருந்தார். எதிராளிக்கு வலிக்கிறதா என்று கேட்டார். அதனால் செத்தார். இப்போது திருப்தியா?

இன்னும் இருக்கிறது. இதோ, என் கையில் இருக்கும் இந்தச் சுவரொட்டியை இந்த மண்டபத்தின் கதவிலிருந்துதான் கிழித்து வந்தேன். பசைகூடக் காயவில்லை. "எரிமலை நினைவு நிஜச் சண்டை! நாகமும் சுத்தியலும் நேருக்கு நேர்!" இரங்கல் கூட்டத்துக்கு வருபவர்கள் பார்க்கட்டும் என்று ஒட்டியிருக்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள் உரிமையாளரே, சத்தமாகச் சொல்லுங்கள். "ஜனங்க கேக்கறாங்க சார்" என்கிறீர்களா? கேட்பார்கள். கேட்டதையெல்லாம் கொடுப்பதற்கு உடம்பு உங்களுடையது இல்லையே!

நாகம், எழுந்திருங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? "ஆட மாட்டேன்" என்றார். "ஆனா எனக்கு வேற தொழில் தெரியாது" என்றும் சொன்னார். அதற்கும் பதில் வைத்திருக்கிறோம். எரிமலையின் விழும் வகுப்பை இனி நாகம் நடத்துவார். தலைமையாசிரியை அவர்கள் சம்பளத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். பாய்களைத் தங்கை கொடுத்துவிட்டார். மற்ற மல்லர்களுக்குப் பக்கத்துப் பள்ளிகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம், கிடைக்கும்வரை கேட்போம். கடைசி வரிசைத் தம்பி, விருப்பமிருந்தால் நீங்களும் வாருங்கள். முதலில் விழக் கற்றுக்கொள்ளலாம்.

எழுந்து நின்று மௌனம் காக்கும்படி உங்களைக் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கள். ஒரு அழுத்து அழுத்துங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். வராவிட்டால், குனிந்து முகத்தைப் பாருங்கள்.