முதலாளியின் மத்தியானத் தூக்கம்

கிழக்கேகோட்டையில் பஸ்சுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் தோழியிடம் சொன்னாள்:

"எங்க முதலாளி தூங்குறத ஆரியசாலைக் கடைத்தெருவே பாத்திருக்கு, அக்கா."

"எப்படிடீ?"

"ஆபீஸ் கேமராதான். மாட்டினவன் எல்லாக் கடைக்கும் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு போட்டுட்டான். மாத்துவோம்னு ஒரு வருஷமா சொல்றேன். 'நம்ம மிளகாய் மூட்டைய எவன் பாப்பான்'னு சிரிப்பாரு."

"பின்னே?"

"நேத்து பக்கத்துக் கடைக்காரர் போனை நீட்டினாரு. அதுல எங்க முதலாளி, வாயத் திறந்துட்டு, குறட்டைச் சத்தத்தோட!"

"அய்யோ! மாத்தியாச்சா?"

"உடனே! கேமரா, வைஃபை, பிரிண்டர், எல்லாம் நான்தான் மாத்தினேன். இன்னைக்கு அந்தக் கடைக்காரரே, 'எனக்கும் மாத்தித் தா மோளே'ன்னு வந்தாரு. முதலாளி எழும்பி நின்னு சொன்னாரு: 'அவளுக்கு வேலை கிடக்கு. வெளிய இதுக்குன்னே நாலு கடைக்காரங்க நிக்காங்க, நீரும் போய் வரிசையில நில்லும்!'"