காத்திவாக்கத்துக்கு வராத காலைச் செய்தி

மேடையில் இருக்கும் தலைவர் லட்சுமணன் அய்யா அவர்களே, மன்றத்துத் தோழர்களே, வியாசர்பாடியிலிருந்து வந்திருக்கும் மகிழினியின் உறவினர்களே, காத்திவாக்கத்திலிருந்து வந்து பின்வரிசையில் ஒண்டிக்கொண்டிருக்கும் அம்மாமார்களே, அண்ணன்மார்களே. முன்னால் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது, வந்து உட்காருங்கள். இந்தக் கூட்டம் உங்களுக்காகத்தான். எல்லாருக்கும் என் வணக்கம்.

என் பெயர் டென்னிஸ். ராயபுரத்தில் கயிறும் வலைச் சாமானும் மொத்தமாக விற்கும் அய்யாத்துரை மகன். அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். நம் வடசென்னைக் கட்டற்ற மென்பொருள் மன்றத்தில் மகிழினி செயலாளர், நான் பொருளாளர். "டென்னிசுக்குப் பேச வராது, திட்டத்தான் வரும்" என்று மகிழினி சொல்வாள். இந்த மாதிரிக் கூட்டத்தில் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும், தெரியும். வருஷக்கணக்காகச் சண்டை போட்டுப் பழகிய வாய்க்கு அது வர மாட்டேன் என்கிறது. 'அவள்' என்றே சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் செயலாளர், காலைச் செய்தியின் காவலர், தோழர் மகிழினி போன வாரம் போய்விட்டாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நாற்பதுகூட ஆகவில்லை. காலையில் தலை வலிக்கிறது என்று சொன்னவள் சாயங்காலம் இல்லை. இதை எப்படி ஏற்றுக்கொள்வது? யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை, இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.

அவள் போன மறுநாளிலிருந்து காத்திவாக்கத்துக்குக் காலைச் செய்தியும் வரவில்லை. காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, போகலாமா வேண்டாமா என்று படகு இறங்கும் முன்னால் ஒவ்வொரு போனிலும் தமிழில் பேசும் அந்தக் குரல் வரவில்லை. செய்தி இல்லாமல் பாதிப் படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. மகிழினியின் உடலை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு, தெருமுனையில் கெங்கம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "டென்னிசு, எழவு வூட்ல வந்து இத்த கேக்குறேனேன்னு நெனைக்காத. அந்தப் பொண்ணு பூட்சி. செய்தியும் அத்தோட பூட்சா? எங்க ஆம்பளைங்க இன்னாத்த நம்பி எறங்குவாங்க?" அக்கா, அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

மகிழினி செய்த வேலை என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. அவள் பிள்ளைகளுக்கே தெரியாது என்றார் அவள் வீட்டுக்காரர் பகலவன். சொல்ல வேண்டியது என் கடமை. கடல் வானிலைக் கணக்கை எடுத்துப் பேச்சாக மாற்றும் நிரல் ஒன்று இருக்கிறது. எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுக ஊர்க்காரர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்தது. அதை அப்படியே நகலெடுத்து நம் ஊருக்குத் தக்கபடி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அந்த நகலுக்கு ஃபோர்க் என்று பெயர். நம் கரைக்கான ஃபோர்க்கை எடுத்தவள் மகிழினி. பகலில் கன்டெய்னர் யார்டு ஆபீசில் சம்பள வேலை. வீட்டுக்கு வந்து சமையல். அதற்கு மேல் இது. யாராவது கேட்டார்களா? இல்லை. யாராவது பாராட்டினார்களா? அதுவும் இல்லை.

நிரலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கம்ப்யூட்டர் தானாகவே சில சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றையும் ஜாப் என்போம். சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. நிரலை நகலெடுக்கும்போது அவர்களுடைய ஜாப்களும் கூடவே வந்துவிடும். அவர்கள் ஊர் வலைத்தளத்தில் ஏற்ற ஒரு ஜாப், அவர்கள் வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் ஓட்ட ஒரு ஜாப். அதற்கெல்லாம் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. நம்மிடம் எப்படி ஓடும்? தினமும் சிவப்பு. எப்போதும் சிவப்பாக இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வாசலில் எந்நேரமும் குரைக்கிற நாயை வீட்டில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லையே, அந்தக் கதைதான்.

மகிழினிக்கு ஒரு நாள் பேஜாராகிவிட்டது. எல்லா ஜாப்களையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தினாள். சிவப்பு போனது, திரை சுத்தமானது, மன்றத்தில் எல்லாருக்கும் நிம்மதி. அந்தக் கும்பலுக்குள் ஒரே ஒரு ஜாப் நமக்கும் வேண்டியதாக இருந்தது. காற்றின் வேகம் எந்த அளவையில் வருகிறது என்று பார்க்கும் ஜாப் அது. அதுவும் சேர்ந்து நின்றுபோனது.

கொஞ்ச நாளில் அந்த வெளிநாட்டுக்காரர்களின் மூல நிரலில் அளவை மாறியது, நம் நகலுக்கும் அது வந்து சேர்ந்தது. கடல் மைலில் வந்த எண்ணை நம் செய்தி கிலோமீட்டர் என்று படித்தது. அடித்த காற்றில் பாதிதான் செய்தியில் இருந்தது. வேம்பு அண்ணன், நம் கெங்கம்மா அக்காவின் வீட்டுக்காரர், அதை நம்பி இறங்கினார். முகத்துவாரத்துக்கு வெளியே படகு கவிழ்ந்தது. டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தவரைப் பக்கத்துப் படகுக்காரர்கள் தூக்கிவந்தார்கள். உயிர் இருந்தது. படகு போனது, எஞ்சின் போனது.

இந்தத் தப்பு யாருக்கும் தெரிந்திருக்காது. கடல் அப்படித்தான் என்று ஊரே சொல்லிவிட்டது. மகிழினி பஸ் பிடித்துக் காத்திவாக்கம் போனாள். நானும் கூடப் போனேன், பேசாமல் திரும்பிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே. கேட்கிற ஆளா அவள்? வலை காய்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால் நின்றாள்.

"கம்ப்யூட்டரு தப்பா சொல்லிச்சா?" என்று கெங்கம்மா அக்கா கேட்டார்கள்.

"கம்ப்யூட்டர் இல்லக்கா. சரியா இருக்குதான்னு பாக்குற ஒண்ணு இருந்திச்சு. தொல்லையா இருக்குன்னு நான்தான் நிறுத்திட்டேன்."

அக்கா திட்டினார்கள் பாருங்கள், நான் திட்டுகிறதெல்லாம் திட்டே இல்லை. மகிழினி தலை குனிந்து நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டாள். ஓய்ந்த பிறகு அக்கா கேட்டது ஒன்றுதான். "நாளைக்கு வருமா?"

"சரியா இருந்தா வரும்க்கா. துளி சந்தேகம் இருந்தாலும் வராது. வரலைன்னா எறங்காதீங்க."

அக்கா, நான் சொல்வது சரிதானே? தலையாட்டுகிறார்கள். அன்றைக்குக் கொடுத்த அந்த வாக்கைத்தான் அவள் கடைசிவரை காப்பாற்றினாள்.

திரும்பி வந்து ஜாப் ஜாப்பாக எடுத்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்டாள். நீ யாருக்காக ஓடுகிறாய்? அவர்களுக்காக என்றால், மூல நிரலின் இடமாக இருந்தால் மட்டும் ஓடு, ஃபோர்க்காக இருந்தால் ஒதுங்கிக்கொள் என்று ஒரு நிபந்தனை எழுதினாள். நமக்கும் வேண்டும் என்றால் அதைத் தொடவே இல்லை. அவர்களுக்கு வேண்டாம், நமக்கு மட்டும் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு கோப்பு. நம் ஃபாத்திமா அப்போது மன்றத்துக்குப் புதுசு. "வேணாங்கறத அழிச்சுட்டா போச்சு, எதுக்குக்கா இவ்ளோ சுத்தறீங்க?" என்று கேட்டாள். "அழிச்சா அவங்க ஒவ்வொரு தபா புதுசு அனுப்பும்போதும் நம்ம மாத்தினதும் அவங்க மாத்தினதும் இடிச்சுக்கும். யாராவது அவசரத்துல நம்மளத தூக்கிப் போட்டுடுவாங்க. நம்மது தனியா இருந்தா எவனும் கை வைக்க மாட்டான்" என்றாள் மகிழினி.

அந்த நிபந்தனையை மூல நிரல்காரர்களுக்கும் அனுப்பினாள். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்று வேறு கரைகளில் அந்த நிரலை நகலெடுக்கிற யாருக்கும் காரணமில்லாத சிவப்பு வராது. அவர்களுக்கு மகிழினி யார் என்று தெரியாது. வியாசர்பாடி ஹவுசிங்போர்டில் குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவில் எழுதியது என்றும் தெரியாது. நமக்குத் தெரியும். பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், அழுதுகொண்டே சொல்லிக்கொள்வோம்.

தனிக் கோப்பில் அவள் வைத்த ஜாப் இதுதான். தினமும் விடியற்காலை ஓடும். அளவையின் பெயர் இல்லையா, நிறுத்து. கடைசியாக அனுப்பிய செய்தியைவிடக் காற்று காரணமில்லாமல் பாதியாகிவிட்டதா, நிறுத்து. செய்தியை அனுப்பாதே, ஆளைக் கூப்பிடு.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். செய்தி ஏன் நின்றது? நாங்கள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தோம். சாவு வீட்டில் யார் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தது? நேற்றுச் சாயங்காலம் நானும் ஃபாத்திமாவும் பகலவனைப் பார்க்கப் போனோம். பகலவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அளந்து பேசுகிற மனிதர். மகிழினியின் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தோழர், இது தெனமும் விடியறதுக்கு முன்னாடி ஒரு தபா சத்தம் போடுது. அவ இருந்தப்போ எப்பனா ஒரு நாளு வரும். வந்துச்சுன்னா எழுந்து கம்ப்யூட்டரு முன்னாடி குந்திப்பா. இப்போ தெனமும் வருது. நான் தொறந்து பாக்கல. அந்தச் சத்தம் கேட்டா அவ பக்கத்துல எழுந்து உக்காந்துகினு கீற மாதிரியே கீது."

ஃபாத்திமா வாங்கித் திறந்து பார்த்தாள். அவ்வளவும் அந்த ஜாப் அனுப்பிய தகவல். மூல நிரலில் மறுபடியும் அளவையை மாற்றியிருக்கிறார்கள், இந்தத் தடவை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று. காற்று மறுபடியும் பாதியாகத் தெரிந்திருக்கிறது. கேளுங்கள், காத்திவாக்கத்துக்காரர்களே, நன்றாகக் கேளுங்கள். அந்தச் செய்தி போயிருந்தால் இன்னொரு படகு கவிழ்ந்திருக்கும். ஆள் மண்ணுக்குள் போன பிறகும் மகிழினி எழுதிய ஜாப் ஒவ்வொரு விடியற்காலையும் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. ஏன் அவளை? ஜாப் எந்நேரம் ஓட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கடைசியாக எழுதியவருக்குத்தான் தகவல் போகும், வேறு யாருக்கும் போகாது.

ஃபாத்திமா அங்கேயே தரையில் உட்கார்ந்து அளவையைச் சரிசெய்தாள். எல்லாம் பச்சை. பாக்கி இருந்தது அந்த ஒரு வரி. அதை அவள் மாற்றி எழுத வேண்டும், அப்போதுதான் இனிமேல் தகவல் நமக்கு வரும். விரலை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் பகலவனைப் பார்க்கிறேன். ஃபாத்திமாதான் பகலவனிடம் சொன்னாள். "அண்ணா, இத மாத்திட்டா அக்கா போன்ல அந்தச் சத்தம் வராது."

"ஒரு தபாகூட வராதா?"

"வராதுண்ணா."

பகலவன் போனைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். "மாத்திடுமா. அவங்க கடலாண்ட காத்துகினு கீறாங்க. எனக்கோசரம் இத்த நிறுத்தி வெச்சேன்னு தெரிஞ்சா, அவ என்னைச் சும்மா வுட மாட்டா."

தோழர்களே, எழுந்து நின்று கைநீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னார் தலைவர். எடுப்போம். ஃபாத்திமா அந்த வரியை எழுதிவிட்டாள். ஜாப் நின்றால் தகவல் அவளுக்கு வரும், அவள் எடுக்காவிட்டால் எனக்கும், நான் எடுக்காவிட்டால் நம் மன்றத்து ஜெமிமாவுக்கும் போகும்படி தனியாக எழுதி வைத்திருக்கிறாள். இனி இந்த வேலை ஒரே ஒரு ஆளின் தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்காது. சரியாக இருந்தால் செய்தி வரும். துளி சந்தேகம் இருந்தாலும் வராது. இது மகிழினி கொடுத்த வாக்கு, இன்று முதல் எங்கள் வாக்கு.

கெங்கம்மா அக்கா, நாளை விடியற்காலை உங்கள் கரையில் எல்லாப் போனும் அடிக்கும். செய்தியை நம்பி இறங்கச் சொல்லுங்கள் வேம்பு அண்ணனை.

பகலவன், நாளைக்கு உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் வராது. எங்களை மன்னித்துவிடுங்கள்.