சண்டை போடக் கோயிலுக்கு வந்தவள்

...சரி, பிரசங்கக் குறிப்பைக் கொஞ்சம் ஓரமா வச்சுடுறேன். நடந்த ஒரு சின்ன சங்கதி சொல்லணும் உங்களுக்கு. கடைசி வரிசையில இருக்கிறவங்களும் கேளுங்க.

நான் முன்னால ஐயரா இருந்து ஊழியம் செஞ்ச சபையில ஞானசுந்தரின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவமணி, வேன் ஓட்டுறவர். ஒரே மகள், பெனிட்டா. படிப்பு முடிச்சு அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தா. காய்ச்சல்னு படுத்தா. டெங்குன்னாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்தோம். சபையே உபவாசம் இருந்துச்சு. முழங்கால்ல நின்னோம்... அழுதோம்... கெஞ்சினோம்...

பெனிட்டா போயிட்டா.

துக்கம் கேக்க வந்தவங்க என்ன சொன்னாங்க? நாம வழக்கமா என்ன சொல்லுவோம்? "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா." ஞானசுந்தரி தலையை நிமிர்த்திக் கேட்டாங்க: "உன் பிள்ளை போயிருந்தா, நான் வந்து இதைச் சொல்லலாமா?" சொன்னவங்க காபி டம்ளரைக் கீழே வச்சிட்டு எழுந்துட்டாங்க.

அதுக்கப்புறம் அந்த அம்மா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வர்றதில்ல. ஆனா ஒரு நாள் மத்தியானம்... ஆளில்லாத கோயில். நான் பக்கத்து அறையில இருக்கேன். யாரோ கத்துறாங்க. எட்டிப் பார்த்தா, ஞானசுந்தரி! பீடத்துக்கு முன்னால இடுப்புல கை வச்சு நிக்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சண்டை போடுவாங்களே, அந்த மாதிரி.

"நான் உமக்கு என்ன குறை வச்சேன்? கோயில் அசன விருந்துக்கு ஊரே சாப்பிட, கண்ணு எரிய எரிய மூட்டை மூட்டையா வெங்காயம் உரிச்சேனே! எனக்குன்னு ஏதாவது கேட்டேனா? ஒரே ஒரு தடவை கேட்டேன். அப்ப எங்க போனீர்? சொல்லும்! எங்க போனீர்?"

பதில் வந்துச்சா?

...வரல.

நான் உள்ளேயே உட்கார்ந்துட்டேன். மறுநாளும் வந்தாங்க. அதுக்கு மறுநாளும் வந்தாங்க. அதே இடம், அதே சண்டை. ஒரு நாள் தவமணி கூட்டிட்டுப் போக வந்தார். "சுந்தரி, அங்க ஆண்டவர்னு யாருமே இல்லைன்னு வீட்டுல சொல்ற. அப்புறம் தினமும் இங்க யார்கிட்ட பேச வர்ற?" அந்த அம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சிட்டு, வேன்ல ஏறிட்டாங்க.

மழைக்காலம் வந்துச்சு. அடுத்த தெருவுல இசக்கியம்மான்னு ஒரு பொண்ணு. நம்ம சபை இல்ல, அம்மன் கோயிலுக்குப் போறவ. புருஷன் கேரளாவுல கட்டட வேலை. அவளோட சின்ன மகளுக்கு அதே காய்ச்சல். சேர்த்ததும் அதே ஆஸ்பத்திரி. துணைக்கு ஒரு ஆள் இல்ல. சேதி ஞானசுந்தரி காதுக்கு வந்துச்சு.

போவாங்களா? ...நீங்கன்னா போவீங்களா?

தவமணி சொல்றார்: "வேண்டாம் சுந்தரி. அந்த ஆஸ்பத்திரிப் படியில உன்னால ஏற முடியாது."

"முடியாதுதான். நீங்க கொண்டுபோய் விடுங்க."

ஏறினாங்க. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறினாங்க. போய் அந்தப் பிள்ளை கையை எடுத்துத் தன் கைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. "எல்லாம் சரியாயிடும்"னு சொல்லல. சித்தம்னும் சொல்லல. சும்மா உட்கார்ந்திருந்தாங்க. கொஞ்ச நேரத்துல அவங்களுக்கே தெரியாம உதடு அசையுது.

இசக்கியம்மா பார்த்துட்டா. "அக்கா... ஜெபம் பண்றீங்களா?"

"ஆமா."

"உங்க மகளைக் காப்பாத்தலையேக்கா அவரு... அப்புறம் என் மகளுக்காக எதுக்கு அவர்கிட்ட கேக்குறீங்க?"

என்ன கேள்வி பாத்தீங்களா! ஞானசுந்தரி பிள்ளை கையை விடாம, மெதுவா சொன்னாங்க:

"எனக்கு இன்னும் கோவம் தீரல இசக்கி. தினமும் போய்த் திட்டிட்டுத்தான் வர்றேன். ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டேங்கிறாரு. ஆனா... நான் திட்டி முடிக்கிற வரைக்கும், ஒரு நாள்கூட அவர் எழுந்து போனதில்ல."

இசக்கியம்மா அப்படியே அவங்க தோள்ல சாய்ஞ்சு அழுதா. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதாங்க.

பிறகு ஞானசுந்தரி என்கிட்ட வந்து சொன்னாங்க: "ஐயரே, நான் அதை யோசிச்சுச் சொல்லல. வாயில வந்துடுச்சு. சொன்ன பிறகுதான் எனக்கே விளங்குச்சு. பெனிட்டா போன நாள்லருந்து அடைச்சிட்டுக் கிடந்த மூச்சு அப்பத்தான் வந்துச்சு ஐயரே. அவர் அங்கதான் இருந்தாரு."

அந்தப் பிள்ளை பிழைச்சிடுச்சா? பிழைச்சிடுச்சு. பொறுங்க... பொறுங்க, உடனே அல்லேலூயா சொல்லிடாதீங்க! ஞானசுந்தரிக்குச் சமாதானம் எப்ப வந்துச்சு? பிள்ளை பிழைச்ச பிறகா? இல்ல! பிழைக்குமா பிழைக்காதான்னு டாக்டருக்கே தெரியாத நேரத்துல வந்துச்சு. பெனிட்டா திரும்பி வந்தாளா? வரல. "ஏன்"னு கேட்டதுக்குப் பதில் கிடைச்சுதா? இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. ஆனா சமாதானம் வந்துச்சு. வந்தது போகவும் இல்ல.

பிரியமானவங்களே, இப்ப உங்களைப் பார்த்துத்தான் பேசுறேன். வாய் பாட்டுப் பாடுது... உள்ளே "ஆண்டவரே, எங்க இருக்கீர்"னு ஒரு சத்தம். எத்தனை பேருக்கு? கையைத் தூக்க வேண்டாம். அவருக்குத் தெரியும். கேளுங்க! தாராளமா கேளுங்க! சிலுவையில தொங்கின நம்ம ஆண்டவரே பிதாவைப் பார்த்து "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கேட்டவர்தானே? கேட்டவருக்கு, கேக்குற உங்க மேல கோவம் வருமா? நம்பிக்கை செத்துப்போச்சுன்னு நினைக்கிறீங்களா? செத்துப்போன நம்பிக்கை சண்டை போடாதய்யா! உங்க கோவத்தோட வாங்க. கண்ணீரோட வாங்க. ஒண்ணும் தோணலைன்னா, உங்களை மாதிரியே அழுற இன்னொருத்தர் பக்கத்துல போய் உட்காருங்க.

அவர் பேசலையேன்னு கலங்காதீங்க. நீங்க பேசி முடிக்கட்டும்னு அவர் கேட்டுக்கிட்டு இருக்காரு.