சாவியோடு சொல்ல வேண்டியது

சாவியை வெறுமனே நீட்டக் கூடாது என்பது என் பழக்கம். ஊர்விட்டு ஊர் வந்து, ஒரே ஒரு செமஸ்டர் தங்கிப் படிக்கப் போகிற பிள்ளைகள். பெட்டியை இழுத்துக்கொண்டு, தூக்கம் கெட்ட கண்களோடு வந்து நிற்பார்கள். முதலில் உட்காரச் சொல்வேன். தண்ணீர் கொடுப்பேன். குடித்து முடித்த பிறகுதான் சாவி.

சாவியோடு சில விஷயங்களும் சொல்வேன். பூட்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் விழும். கீழே படிப்பறையில் பையை வைத்து நாற்காலி பிடிக்கக் கூடாது. பை பரீட்சை எழுதாது. இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். வராந்தாவின் கோடியில் உள்ள அறைக்குப் போகிறவர்களிடம் மட்டும், குளிக்கும்போது பாத்ரூம் மேல்ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்பேன். அந்த அறையில் இருந்தது பழைய கேஸ் ஹீட்டர். ஜன்னல் மூடியிருந்தால் அதிலிருந்து வரும் விஷ வாயு உள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

அதை மாற்றச் சொல்லி பிளம்பர் நடையாய் நடந்தார். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவில் ஒரு எச்சரிக்கையாவது எழுதி ஒட்டலாம் என்றேன். எழுதினால் கோளாறு இருப்பதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், வாயால் சொன்னால் போதும் என்றார். வாயால் சொல்லிவந்தேன். வார்டனாக நான் அப்படிச் சொல்லிவந்தவரை அந்த அறையில் ஒரு பிள்ளைக்குத் தலைவலிகூட வந்ததில்லை.

ஹீட்டருக்காக நீங்கள் பிடித்துவைத்திருக்கும் பிளம்பரை விட்டுவிடுங்கள். நான் இந்த போலீஸ் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். மனசாட்சி உறுத்தி வந்தாள் என்று எழுதிவிடாதீர்கள். உறுத்தவில்லை.

என் மகனும் இப்படித்தான் ஒரு செமஸ்டர் படிக்க வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கேயும் இதே மாதிரி ஹீட்டர், இதே மாதிரி ஜன்னல். உடலை வாங்கப் போனபோது அந்த ஹாஸ்டல் வார்டன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லித்தாம்மா சாவி குடுத்தோம். தம்பிதான் அசட்டையா இருந்துட்டார்."

அசட்டை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவன், அயர்ன் பாக்ஸை அணைத்தோமா என்று திரும்பி ஓடி வருவான். கிழவன் என்று அவனைக் கேலி செய்வேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குழாயைத் திறக்கும் முன் ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஜன்னலை இழுத்துப் பார்த்திருப்பான். யாரும் சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தெரியும். ஆனால் விசாரணையில் அவன் அசட்டைக்காரன் என்றே முடிந்தது. பிள்ளையையும் பறிகொடுத்தேன், பிள்ளையின் தலையில் பழியைக் கட்டியதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் விசாரிக்கும் இந்தப் பெண், என் மகன் படிக்கப் போன அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள். சுருட்டை முடி, ஓயாத வாய். தண்ணீரைக் குடித்துக்கொண்டே படிப்பறையை எட்டிப் பார்த்தவள், இவ்வளவு வெளிச்சம் போட்டால் புத்தகத்தின் மேல் எப்படித் தூங்குவது என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மாடியில், கரன்ட் ஹீட்டர் உள்ள நல்ல அறையை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தேன். அந்தச் சாவி என் கையில்தான் இருந்தது.

அப்போது, பேச்சுவாக்கில்தான் சொன்னாள். "என்னைத் தனியா அனுப்ப எங்கம்மாவுக்கு பயம் ஆன்ட்டி. எங்க ஹாஸ்டல்ல இப்படித்தான் வெளியூர்லேருந்து வந்த ஒரு அண்ணன் செத்துட்டாராம்."

"எப்படி?"

"சரியாத் தெரியல. சொன்ன பேச்சைக் கேக்காம ஏதோ பண்ணிட்டாராம். சரியான சோம்பேறியாம். நான் அப்படி இல்ல ஆன்ட்டி. நீங்க சொல்லுங்க, அப்படியே கேப்பேன்."

அறை இன்னும் பெருக்கவில்லை, கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாடிச் சாவியை ஆணியில் மாட்டினேன். கோடி அறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பெருக்குவதாகச் சொன்னது பொய்யில்லை. மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன். பாத்ரூம் மேல்ஜன்னல் திறந்திருந்தது. கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. துடைப்பக் கட்டையால் தள்ளி மூடினேன். வெளியே நல்ல குளிர்.

திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன். பூட்டைப் பற்றிச் சொன்னேன். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன், சிரித்தாள்.

"அவ்வளவுதானா ஆன்ட்டி?"

"அவ்வளவுதாம்மா."

மறுநாள் காலை கதவை உடைத்தபோது ஷவர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்துப் பாருங்கள். ஹீட்டரைத் தொடவில்லை. ஒரு ஜன்னலைச் சாத்தினேன், ஒரு பேச்சை விழுங்கினேன். தெரிந்தே செய்தேன். என் மகன் செத்தபோது இதற்கு விபத்து என்று பெயர் வைத்தீர்கள். இப்போது கொலை என்கிறீர்கள். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அங்கேயும் போய் அதையே எழுதிவிட்டு வாருங்கள்.

அவளுடைய தாய் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பெண்ணிடம் யாராவது முன்கூட்டியே எச்சரித்தார்களா என்று கேட்டாள். நான் சுவரைப் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லித்தாம்மா சாவி குடுத்தேன். அவதான் மறந்துட்டா போல."

அவள் என் கையை விட்டுவிட்டு இன்னொரு துணியை எடுத்து மடித்தாள். பிறகு, "அவ அப்படித்தான். எதையும் காதுல வாங்க மாட்டா," என்று சொல்லி அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த வார்டன் என்னிடம் சொன்னதைத்தானே நீயும் சொன்னாய் என்பீர்கள். அப்படி இல்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். நான் அந்தத் தாயின் மனம் ஆறட்டும் என்று சொன்னேன்.