பையின் பாரம்

விடியக் காலை நாலரை மணி. நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கம்பிவேலி. நடுவே ஒரே ஒரு பெண்மணி, முதுகில் பையோடு...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சினேகிதனின் பெரியம்மாவுக்கு நடந்தது.

பெரியம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவர் தங்கைதான் என் சினேகிதனின் அம்மா. தங்கைக்கு நோய் தீர்ந்தால், மலை தாண்டி அப்போஸ்தலரின் கல்லறைக் கோவில் வரை இருவரும் நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நடக்க வேண்டிய பாதை.

நோய் தீரவில்லை. தங்கை போய்விட்டார்.

பெரியம்மா நேர்ச்சையை விடவில்லை. புது பூட்ஸ் காலைக் கடிக்காமல் பழக வேண்டும், தோள் பழக வேண்டும் என்று, பை நிறையத் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு முன்னால் நடந்தார்.

ஒரு நாள் மதகைத் தாண்டியதும் பை லேசானது. பின்னாலிருந்து யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்கியது போல. மருத்துவமனை சோப்பு வாசனை. பிறகு சரளைக் கல்லில் இன்னொரு ஜோடிக் கால்... சர்... சர்...

பெரியம்மா திரும்பவில்லை. பயத்தால் அல்ல. திரும்பினால் தங்கை போய்விடுவாளோ என்றுதான்.

அதன்பின் தினமும் வந்தது. கூடவே மூச்சிரைப்பு. பெரியம்மா நடையைக் குறைத்தார். வெயில் ஏறித்தான் வீடு திரும்பினார். பள்ளியில் பேருந்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

"ஏன் பெரியம்மா உடம்பை இப்படிக் கெடுத்துக்கறீங்க?"

"அவளுக்கு மூச்சு வாங்குதுடா. பாதி வழியில விட்டுட்டு வரச் சொல்றியா?"

என் சினேகிதன் அழுதுவிட்டான். "அம்மாவைப் போகச் சொல்லுங்க. இன்னும் எதுக்கு அவங்க நடந்து கஷ்டப்படணும்?"

மறுநாள் மதகருகே பையை இறக்கி வைத்தார் பெரியம்மா.

"நீ போம்மா. உனக்கும் சேத்து நானே நடந்துடறேன்."

காலடி நின்றது. 

பிறகு இரண்டு கைகள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டன. ஒரு முழு ஆளின் பாரம். கடைசி மாதங்களில் கட்டிலுக்கும் குளியலறைக்குமாகத் தங்கையைச் சுமந்தவருக்கு அந்தப் பாரம் தெரியாதா... காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

பெரியம்மா உதறவில்லை. கைகளைப் பின்னால் கோத்து, ஏந்திக்கொண்டு நடந்தார்.

நடைப்பாதை தொடங்கும் ஊர் வரை ரயிலில்தான் போக வேண்டும். யாத்திரை புறப்பட்ட அன்று என் சினேகிதன்தான் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனான். பெரியம்மா வெறும் முதுகோடு முன்னால் போனார். குனிந்து, மெதுவாக, கைகளைப் பின்னால் கோத்தபடி. நல்ல பகல். கூட்டம்.

வாசலில் டிக்கெட் பரிசோதகர் பெரியம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் வந்த இவனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முதுகுல இருக்கறது உங்க அம்மாதானே? அப்படியே உங்க ஜாடை... பாத்துக் கூட்டிட்டுப் போங்க. அசந்து தூங்கறாங்க."